ஃபென்வே பார்க்கில் கன்ட்ரி ராக் கச்சேரி: டிக்கெட் வாங்குவதிலிருந்து வீடு திரும்பும் வரை

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் பாட்டுக்காகக் கட்டிய இடம் இல்லை. பேஸ்பால் ஆடுவதற்காக 1912 ஏப்ரல் 20 அன்று திறந்த மைதானம் அது. டைட்டானிக் மூழ்கி அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் நடக்கும் மைதானங்களில் இன்றைக்கும் இதுதான் மூத்தது. 2012இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் சேர்த்தார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த சீட்டில் உட்கார்வது, எத்தனை மணிக்கு உள்ளே நுழைவது, எந்த ரயிலில் திரும்புவது என்று நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பழைய கட்டடத்தின் கை இருக்கும். அதன் குணம் தெரிந்து போனால் அருமையான ஒரு கோடை இரவு கிடைக்கும். தெரியாமல் போனால் ஒரு இரும்புத் தூணைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிவரும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்ஹாம், ஆஷ்லாந்து, வெஸ்ட்பரோ, ஷ்ரூஸ்பரி பக்கம் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆஷ்லாந்து லட்சுமி கோயிலில் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஃபென்வே கச்சேரிக்குப் போவது பற்றிக் கேட்பார். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து பாஸ்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் உதவும்.

எப்போது நடக்கும், எப்படித் தெரிந்துகொள்வது

2003 செப்டம்பரில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இங்கே இரண்டு இரவு பாடினார். ஃபென்வேயில் இன்று நாம் பார்க்கும் கோடைக்காலக் கச்சேரிகள் அங்கிருந்து தொடங்கியவை. 2005இல் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பக்கம் 2013 ஜூலையில் ஜேசன் ஆல்டீன் இரண்டு இரவு பாடினார். அடுத்த வருடம் ஜாக் பிரவுன் பேண்ட் வந்தது. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் 2002இல் தொடங்கிய இந்தக் குழு, அதன் பிறகு ஃபென்வேக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கன்ட்ரி, ராக், தெற்கத்திய நாட்டுப்புற வாசனை மூன்றும் கலந்த இசை. இந்த மைதானத்துக்கு இவ்வளவு பொருந்திய இன்னொரு குழுவை நான் கேட்டதில்லை.

இந்த மைதானத்தின் சொந்த பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் வெளியூருக்கு ஆடப்போகும் நாட்களில்தான் கச்சேரி வைப்பார்கள். அதனால் கோடையில் அணியின் ஆட்ட அட்டவணையை ஒருமுறை பார்த்தாலே எந்த வார இறுதிகளில் வாய்ப்பு இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். அறிவிப்பு பல மாதம் முன்பே, பெரும்பாலும் பனிக்காலத்திலேயே வந்துவிடும். பாடகரின் ரசிகர் பட்டியலிலும் மைதானத்தின் மின்னஞ்சல் பட்டியலிலும் பெயரைப் பதிந்து வைத்தால் பொது விற்பனைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாக வாங்கும் குறியீடு கிடைக்கும். செலவில்லாத வேலை, செய்துவிடுங்கள்.

டிக்கெட்

விற்பனை பத்து மணிக்கு என்றால் பத்து நிமிடம் முன்பே கணக்கில் நுழைந்து, அட்டை விவரத்தைச் சேமித்து, காத்திருப்பு வரிசையில் நில்லுங்கள். எந்தப் பகுதி, எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் நிதானமாக யோசிக்க முடியாது.

விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட் விற்கிறவர்கள் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று முப்பது, நாற்பது டாலர் ஏறும் கொடுமை குறைந்திருக்கிறது.

மறுவிற்பனையில் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பகுதி, வரிசை, சீட் எண் மூன்றும் தெரியாமல் வாங்காதீர்கள். முதல் தடவை நான் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் வாங்கினேன். பார்வை மறையும் சீட் என்ற குறிப்பு அசல் டிக்கெட்டில் இருந்திருக்கிறது. அந்தத் தளம் அதைக் காட்டவே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: பாடகர் நடுவில் நின்றால் தூண், இடது பக்கம் போனால் தெரிவார். புகார் கொடுத்தும் பைசா திரும்பி வரவில்லை. அதிலிருந்து, மைதானத்தின் இருக்கை வரைபடத்தைத் தனியாகத் திறந்து சீட் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

டிக்கெட் ஃபோனில்தான் வரும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி யாரிடமும் வாங்காதீர்கள். பல செயலிகளில் பார்கோடு தானாக மாறிக்கொண்டே இருக்கும், எடுத்து வைத்த படம் வாசலில் செல்லாது. விற்கிறவர் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும். நான்கு பேர் போகிறீர்கள் என்றால் அவரவர் டிக்கெட்டை அவரவர் ஃபோனுக்கு மாற்றிவிடுங்கள். யாராவது தாமதமாக வந்தால் மற்றவர்கள் வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம்.

எங்கே உட்கார்வது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

வழக்கமாக மேடையைச் சென்டர் ஃபீல்டில், மைதானத்தின் தூரக் கோடியில் போடுவார்கள். அது பார்ப்பது ஹோம் பிளேட்டை, அதாவது ஆட்டத்தில் மட்டையாளர் நிற்கும் மூலையை. மேடைக்குப் பின்னால் விழும் பிளீச்சர் எனும் கூரையில்லாத வரிசைகளை மூடிவிடுவார்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கொஞ்சம் மாறும் என்பதால் அந்தந்தக் கச்சேரியின் வரைபடத்தைப் பாருங்கள்.

தரையில் நாற்காலி. புல்தரையின் மேல் பிளாஸ்டிக் பலகை விரித்து மடக்கு நாற்காலிகளைப் போட்டிருப்பார்கள். விலை அதிகம், மேடை பக்கம், ஆனால் தரை தட்டை. சரிவே கிடையாது. கன்ட்ரி ராக் கூட்டம் முதல் பாட்டுக்கு எழுந்து நின்றால் கடைசிப் பாட்டுவரை உட்காராது. அகலமான தொப்பி போட்ட ஆறடி மனிதர் முன்னால் நின்றால் ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவருக்கு அவர் முதுகுதான் கச்சேரி. தரையில் முன் பாதி கிடைத்தால் வாங்குங்கள். பின் பாதிக்கு அந்த விலை தகாது என்பது என் உறுதியான கருத்து.

கிராண்ட்ஸ்டாண்ட். கூரைக்கு அடியில் நீல நிற மர இருக்கைகள் கொண்ட பகுதி. 1934இல் போட்டவை. பலகையில் எத்தனை கோடையின் வண்ணப்பூச்சு ஏறியிருக்கிறதோ, ஓரங்கள் எல்லாம் உருண்டு மழமழவென்று இருக்கும். எழுந்தால் பலகை பட்டென்று மடங்கும். ஒரு பாட்டு முடிந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழும்போது வரும் அந்தச் சடசடப்பை வேறு எங்கும் கேட்க முடியாது. ஆனால் சீட் குறுகல், முழங்கால் முன் சீட்டில் இடிக்கும். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் இந்தப் பகுதியில்தான் நிற்கின்றன. தூணுக்கு முன்னால் உள்ள வரிசைகள் பிரச்சினை இல்லை. பின்னால் போகப்போக ஏதாவது ஒரு தூண் ஏதாவது ஒரு மூலையை மறைக்கும். மேடை மறைகிறதா, வெறும் பக்கத்துத் திரை மறைகிறதா என்பதுதான் கேள்வி. கடைசி வரிசைகளில் கூரை தாழ்வாக இருப்பதால் பாஸ் எனும் கீழ் ஸ்தாயி ஒலி தேங்கிக் குழம்பும்.

ஹோம் பிளேட்டிலிருந்து மேடையைப் பார்த்தால், கிராண்ட்ஸ்டாண்ட் பகுதி எண்கள் வலது கோடியில் 1இல் தொடங்கி இடது கோடியில் 33இல் முடியும். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. 1 முதல் 8 வரையான பகுதிகளைப் பேஸ்பால் ரசிகர்கள் திட்டுவார்கள். அந்த சீட்டுகள் மட்டையாளரைப் பார்க்காமல் சென்டர் ஃபீல்டைப் பார்த்து அமைந்தவை, ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். கச்சேரிக்கு மேடை இருப்பது அந்தப் பக்கம்தானே! ஆட்டத்தில் குறை என்றிருந்தது இங்கே நிறையாகிவிடுகிறது. விலையும் மிதமாக இருக்கும். ஒரே தொல்லை வெயில். கோடையில் சூரியன் மூன்றாம் பேஸ் இருக்கும் இடது பக்கத்துக்குப் பின்னால் இறங்கும், வலது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும். ஜூனில் எட்டேகால் மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். தொப்பியும் கூலிங் கிளாஸும் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். வெயில் ஆகாதவர்கள் இடது பக்கம், மூன்றாம் பேஸ் பக்கம் எடுங்கள். நிழல் சீக்கிரம் விழும்.

என் முதல் தேர்வு லோஜ் பாக்ஸ். கிராண்ட்ஸ்டாண்டுக்கு முன்னால், தூணுக்கு வெளியே, சரிவோடு இருக்கும் வரிசைகள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கிடைத்தால் மேடை நேர் எதிரே. பாடகர் முகம் தெரியாது, திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒலி மிக நன்றாக இருக்கும். ஏனென்றால் ஒலிப் பொறியாளரின் மேசை தரையின் நடுவில் இருக்கும், அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் கலக்குவார். அந்த மேசைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கிறீர்கள்.

தூரத்தில் உட்காரும்போது ஒரு விஷயம் வினோதமாகப்படும். திரையில் உதடு அசைந்த பிறகு குரல் வருவதுபோல் இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருந்தால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். தரையில் கோபுரம் போல் நிற்கும் ஸ்பீக்கர்களை இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டே ஓட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஸ்பீக்கர் முன்னாலும் மேடை ஒலி பின்னாலும் வந்து எல்லாம் இரட்டிப்பாகக் கேட்கும்.

இடது பக்கத்துப் பச்சைச் சுவரின் பெயர் கிரீன் மான்ஸ்டர். உயரம் 37 அடி 2 அங்குலம். அதன் உச்சியில் 2003இல் சீட் போட்டார்கள். கச்சேரிக்கு அங்கே ஒருமுறை உட்காருங்கள் என்று சொல்வேன், ஒலிக்காக இல்லை. மேடையைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறீர்கள். ஆனால் இருட்டிய பிறகு கீழே முழு மைதானமும் ஃபோன் வெளிச்சத்தில் மினுங்குவதையும், வெளியே கென்மோர் சதுக்கத்தின் சிட்கோ விளம்பரப் பலகை சிவப்பாக எரிவதையும் பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

வயதானவர்களோடு போனால் படியைப் பார்த்து வாங்குங்கள். என் மாமனாரைக் கூட்டிப்போன வருடம் நடைபாதை ஓரத்து சீட்டாக எடுத்தேன், காலை நீட்ட வசதியாக இருந்தது. சக்கர நாற்காலி இடங்களைத் தனியாகவே விற்கிறார்கள், வாங்கும்போதே அந்தக் குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போவது

காரை எடுக்காதீர்கள். மைதானம் நகரின் நடுவில், தெருக்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு நிற்கிறது. தனக்கென்று பெரிய பார்க்கிங் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் இடத்துக்கு டிக்கெட்டில் பாதி விலை கேட்பார்கள். முடிந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.

மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்கு ஃபிரேமிங்ஹாம்–வூஸ்டர் ரயில் வரம். வூஸ்டர், வெஸ்ட்பரோ, ஆஷ்லாந்து, ஃபிரேமிங்ஹாம் எல்லாம் இதே பாதையில்தான் இருக்கின்றன. இறங்க வேண்டிய நிலையம் லான்ஸ்டவுன், மைதானத்துக்கு ஐந்து நிமிட நடை. பழைய வரைபடங்களில் யாக்கி என்ற பெயரில் இருக்கும், 2019இல் மாற்றினார்கள். சனி, ஞாயிறு என்றால் 10 டாலர் வார இறுதி பாஸ் எடுத்தால் போதும், இரண்டு நாளும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம்.

ஊருக்குள் இருப்பவர்கள் கிரீன் லைன் எனும் நகர ரயிலைப் பிடிக்க வேண்டும். அதன் B, C, D கிளைகள் மூன்றும் மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள கென்மோர் நிலையத்தில் நிற்கும். E வண்டி நிற்காது, வேறு பக்கம் திரும்பிவிடும். அவசரத்தில் ஏறி ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு கச்சேரிக்கும் உண்டு. ஃபென்வே என்ற பெயரிலேயே D பாதையில் ஒரு நிறுத்தம் இருக்கிறது, அது கொஞ்சம் தூரம், பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஒரு வழிக்கு 2.40 டாலர். வங்கி அட்டையையோ ஃபோனையோ வாயிலில் தட்டினாலே போதும். ரயில் வசதி இல்லாத ஊரிலிருந்து வருகிறவர்கள் 95ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ரிவர்சைட் நிலையத்தில் காரை விட்டுவிட்டு D வண்டியில் வரலாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு, லோகன் விமான நிலையத்திலிருந்து சவுத் ஸ்டேஷன் வரை சில்வர் லைன் பஸ் இலவசம். அங்கிருந்து ரெட் லைனில் பார்க் ஸ்ட்ரீட், பிறகு கிரீன் லைன்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பையை வீட்டில் வையுங்கள். அனுமதிக்கும் அளவு மிகச் சிறியது, முதுகில் மாட்டும் பை என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நிகழ்ச்சிக்கான அளவு டிக்கெட் மின்னஞ்சலில் இருக்கும். ஃபோன், அட்டை, சட்டைப்பையில் அடங்கும் பவர் பேங்க். பீர் குடிக்கிறவர் என்றால் அடையாள அட்டை. மாசசூசெட்ஸில் வயது 21 ஆகியிருக்க வேண்டும், நரை முடி இருந்தாலும் கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பிப் போக வேண்டாம், அசல் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

உடையில் யாரும் உங்களைக் கவனிக்கப்போவதில்லை. பூட்ஸும் கட்டம் போட்ட சட்டையும் நிறையப் பார்ப்பீர்கள், ஆசை இருந்தால் நீங்களும் போடுங்கள். ஆனால் பின்னால் நிற்பவரை நினைத்து அகலத் தொப்பியை இருட்டியதும் கழற்றிவிடுங்கள். பகலில் 30 டிகிரி அடித்தாலும் இரவு கடல் காற்று வீசினால் குளிரும், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய ஜாக்கெட் வேண்டும். மழை வந்தாலும் கச்சேரி நடக்கும் என்றுதான் டிக்கெட் விற்பார்கள். குடையைப் பிரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுதான் சரி. இடி மின்னல் என்றால் மட்டும் நிறுத்தி எல்லோரையும் ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள நடைபாதைக்குப் போகச் சொல்வார்கள். உடனே போய்விடுங்கள், பாடகர் நீங்கள் இல்லாமல் தொடங்கமாட்டார்.

காதடைப்பான். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பதினைந்து நிமிடம் என்கிறது அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனமான நையோஷ். மேடைக்கு அருகே அந்த அளவு சத்தம் சர்வசாதாரணம், கச்சேரியோ மூன்று மணி நேரம். பஞ்சு போன்ற மலிவானவை மேல் ஸ்தாயியை அதிகம் வெட்டி இசையை மந்தமாக்கிவிடும். இசைக்கலைஞர்கள் போடும் வகை இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கிறது, எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பாட்டு பாட்டாகவே இருக்கும். குழந்தையைக் கூட்டிப்போனால் காதை முழுதாக மூடும் மஃப் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உள்ளே சைவத்துக்கு பீட்சா, உருளை வறுவல், பிரெட்சல் என்று ஒப்பேற்றலாம். நாங்கள் ரயிலிலேயே எலுமிச்சை சாதத்தை முடித்துவிட்டுத்தான் இறங்குவோம்.

உள்ளே நுழைந்த பிறகு

வாசல் திறந்த அரை மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். ஜெர்சி தெருவை வண்டிகளுக்கு மூடி டிக்கெட் உள்ளவர்களை மட்டும் விடுவார்கள். பக்கத்து லான்ஸ்டவுன் தெருவில் சாசேஜ் புகையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் மூக்கைத் துளைக்கும். கூட்டம் நிரம்புவதற்கு முன் மைதானத்தை ஒரு சுற்று பாருங்கள். கிரீன் மான்ஸ்டரின் அடியில் இருக்கும் ஸ்கோர் பலகை 1934ஆம் வருடத்தது, இன்றும் ஆள் உள்ளே நின்று கையால் எண்ணை மாற்றுகிறார். அதன் வெள்ளைக் கோடுகளைக் கூர்ந்து பார்த்தால் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறிகள் தெரியும். பழைய உரிமையாளர்கள் டாம் யாக்கி, ஜீன் யாக்கி தம்பதியின் பெயரெழுத்துகள் அவை.

முதலில் ஒன்றோ இரண்டோ துணைக் குழுக்கள் பாடும். பிறகு மேடை மாற்ற இருபது, முப்பது நிமிட இடைவெளி. எல்லோரும் கழிவறைக்கும் கடைக்கும் ஓடுவது அப்போதுதான். 1912இன் நடைபாதைகள் அந்தக் கூட்டத்தைத் தாங்காது. துணைக் குழு பாடும்போதே ஒரு பாட்டைத் தியாகம் செய்து போய் வந்துவிடுங்கள்.

எதைக் கேட்பது

புதிதாக வருகிறவர்களுக்காக இது. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ராக் இசைக் குழுக்கள் கன்ட்ரியின் கருவிகளை எடுத்துக்கொண்டபோது இந்த வகை பிறந்தது. பேர்ட்ஸ் குழு, கிராம் பார்சன்ஸ், அதற்குப் பின் 1971இல் தொடங்கிய ஈகிள்ஸ் என்று ஒரு வரிசை. டிரம்ஸும் மின்சார கிட்டாரும் ராக்கிலிருந்து வந்தன. ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின், மூன்று நான்கு குரல் சேர்ந்து பாடும் இசைவு எல்லாம் கன்ட்ரியின் சொத்து.

மேடையின் ஓரத்தில் ஒருவர் மேசை போன்ற ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் மேல் கண் வையுங்கள். அது பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துக் கம்பிகள், கால்கள் பொருத்திப் படுக்கவைத்த கருவி. வலது கை மீட்டும். இடது கையில் ஒரு இரும்பு உருளை கம்பிகளின் மேல் வழுக்கிப்போகும். பாதம் பெடலை மிதிக்கும், முழங்கால் இரண்டு பக்கமும் உள்ள நெம்புகோலைத் தள்ளும். ஒவ்வொரு மிதிக்கும் சில கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். அதனால்தான் ஒரு நாதம் இன்னொன்றுக்குள் கரைந்து போவதுபோல் கேட்கிறது.

கும்பகோணத்துக்காரரான என் மாமனார் இரண்டு பாட்டு வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மெதுவான பாட்டு. பெடல் ஸ்டீல் தனியாகத் தொடங்கியதும் என் தோளைத் தொட்டார்.

“மாப்பிள்ளை, இது யாரு வாசிக்கிறது? சித்திரவீணை மாதிரின்னா இழையறது!”

“அந்த ஓரத்துல உக்காந்திருக்காரே, அவர்தான் மாமா.”

“கையைக் காமிக்கச் சொல்லுங்கோ, கையைக் காமிக்கச் சொல்லுங்கோ.”

அந்த நேரம் திரையிலும் அந்த இடது கையைத்தான் காட்டினார்கள். பிறகு கடைசிவரை அவர் பார்வை அந்த மூலையை விட்டு நகரவில்லை. சுரம் பிரிக்கும் மெட்டுகள் இல்லாத தண்டியின் மேல் கட்டை வழுக்கும் சித்திரவீணையும், ஹவாய் தீவுகளின் ஸ்டீல் கிட்டாரிலிருந்து வளர்ந்த இந்தக் கருவியும் ஒரே வித்தையில் நிற்பவை. அவர் காது சரியாகத்தான் பிடித்தது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களைத் தயங்காமல் கூட்டிப்போங்கள்.

திரும்புவது

அக்கம்பக்கம் எல்லாம் வீடுகள் என்பதால் நள்ளிரவு வரை இழுக்கமாட்டார்கள், பொதுவாகப் பதினொன்றுக்குள் முடிந்துவிடும். வெளியூர் ரயிலில் வந்தவர்கள் கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். லான்ஸ்டவுனில் அதைத் தவறவிட்டால் வாடகைக் காருக்கு டிக்கெட் விலையே ஆகிவிடும். நேரம் நெருக்கினால் கடைசிப் பாட்டைத் துறந்து கிளம்ப வேண்டியதுதான்.

கிரீன் லைனில் போகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் புரூக்லைன் அவென்யூ பாலத்தைக் கடந்து கென்மோர் படிக்கட்டில் இறங்குவார்கள். அதில் போய் நசுங்க வேண்டாம். நகரின் மையத்துக்குப் போக வேண்டுமானால் பாய்ல்ஸ்டன் தெரு வழியாக ஹைன்ஸ் நிலையம் வரை கால் மணி, இருபது நிமிடம் நடந்து அங்கே ஏறுங்கள். ரிவர்சைடில் காரை விட்டவர்கள் D பாதையின் ஃபென்வே நிறுத்தத்துக்கு நடக்கலாம், கென்மோரை விட நெரிசல் குறைவு. வாடகைக் கார் கூப்பிடுகிறவர்களும் நான்கைந்து தெரு தள்ளிப் போய்க் கூப்பிடுங்கள், கட்டணமும் இறங்கும், ஓட்டுநராலும் வந்து சேர முடியும். குடும்பமாக வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று உள்ளே போகும் முன்பே ஒரு இடம் பேசி வையுங்கள். அந்தக் கூட்டத்தில் ஃபோன் சிக்னல் கிடைக்காது.